காப்பு கூடியது, சுவர் நனைந்தது: மூன்று பழைய சுவர்களின் ஆற்றல் சீரமைப்பு – நிகழ்வு ஆய்வு

பழைய கட்டடம் ஒன்றின் ஆற்றல் செலவைக் குறைக்க வேண்டும் என்றதும், சுவருக்கு எத்தனை மில்லிமீட்டர் காப்பு (வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் அடுக்கு) வைக்கலாம் என்றுதான் பேச்சு தொடங்குகிறது. அதற்கு முன்பே கேட்க வேண்டியவை வேறு சில. இந்தச் சுவர் எதனால் நனைகிறது? எந்தப் பக்கமாக உலர்கிறது? நாம் செய்யப்போகும் வேலைக்குப் பிறகும் அந்த வழி திறந்திருக்குமா? இவற்றுக்கு விடை தெரியாமல் காப்புப் பலகையை ஒட்டினால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்தில் மூன்று சுவர்களில் பல ஆண்டுகள் எடுத்த அளவீடுகள் நேராகவே காட்டுகின்றன. மூன்றில் எந்தச் சுவர் வெப்ப இழப்பைச் சிறப்பாகத் தடுத்ததோ, அதுதான் ஈரத்தில் மோசமான நிலைக்குப் போனது.

ஆய்வு நடந்த சுவர்கள்

1877-இல் வில்லியம் மாரிஸ் முதலானோர் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், பழைய வீடுகளின் உண்மையான வெப்ப நடத்தையை அளப்பதற்காக 2011-இல் ஒரு தொடர் கண்காணிப்பைத் தொடங்கியது. கரோலின் ரை, கேமரன் ஸ்காட் ஆகியோர் அளவீடுகளை நடத்தினர். சீரமைப்புக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து கவனிக்கப்பட்டவை மூன்று வீடுகள். ஷ்ரூஸ்பரியில் ஒன்றரைச் செங்கல் கனமுள்ள, ஏறத்தாழ 345 மி.மீ. செங்கற்சுவர். டெவன் மாவட்டத்தின் ட்ரூஸ்டெய்ன்டனில் தடித்த கருங்கற்சுவர். அதே மாவட்டத்தின் ரிடில்கோம்பில் வைக்கோல் கலந்து மிதித்த களிமண்ணால் எழுப்பிய மண்சுவர்.

செங்கற்சுவரின் உட்புறம் 40 மி.மீ. மரஇழைப் பலகை பதித்து, மேலே சுண்ணாம்புக் காரை பூசினார்கள். கருங்கற்சுவரின் உட்புறத்தில் அலுமினியத் தாள் ஒட்டிய 100 மி.மீ. பி.ஐ.ஆர். (பாலிஐசோசயனுரேட் என்ற செயற்கைப் பொருள்) நுரைப்பலகை, கல்லுக்கும் பலகைக்கும் இடையே சிறு காற்றிடைவெளி. மண்சுவருக்கு உள்ளே எதுவும் செய்யாமல், வெளிப்புறத்தில் காப்புத்தன்மை கொண்ட சுண்ணாம்புப் பூச்சு. ஒவ்வொரு சுவரிலும் கனத்தின் ஊடாக வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலையையும் ஒப்பீரப்பதத்தையும் (காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு இருக்கிறது என்ற எண்) பதியும் உணரிகள் வைக்கப்பட்டன. இதுதான் ஆய்வின் பலம். மேற்பரப்பை மட்டும் தடவிப் பார்க்கும் ஈரமானி சொல்லாத செய்தியை, சுவரின் நடுவில் உட்கார்ந்திருக்கும் உணரி சொல்கிறது.

கணக்கில் வரும் சுவரும் கண்ணெதிரே உள்ள சுவரும்

யு-மதிப்பு என்பது ஒரு சதுர மீட்டர் சுவர், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டில் எத்தனை வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது என்ற எண். இது குறையக் குறைய நல்லது. நடுவில் இடைவெளி விடாமல் கட்டிய திண்மச் சுவர்களுக்கு பிரிட்டனின் மதிப்பீட்டு முறை நீண்ட காலம் 2.1 என்று எடுத்துக்கொண்டது, பின்னர் 1.7 ஆகத் திருத்தியது. திருத்தக் காரணம், களத்தில் அளந்தபோது பழைய சுவர்கள் அவ்வளவு மோசமாக இல்லை என்பது தொடர்ந்து தெரிந்ததுதான். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தின் பால் பேக்கர் அளந்த கற்சுவர்களில், 600 மி.மீ. கனமும் மரப்பட்டிகள் மேல் காரைப் பூச்சும் கொண்டவற்றின் சராசரி 1.1 அளவில் இருந்தது. பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் அளந்த சுவர்களிலும் ஏறத்தாழ முக்கால் பங்குக்குக் கணக்கிட்ட எண் உண்மையைவிட மிகையாகவே வந்தது. 600 மி.மீ. கற்சுவர் என்பது முழுக்கல் அல்ல. இரு முகங்களுக்கும் நடுவே சிறு கல், சுண்ணாம்பு, காற்றுப்பொந்து எல்லாம் கலந்து நிரப்பியிருக்கிறார்கள். கணினி நிரலில் 'கருங்கல், 600' என்று மட்டும் கொடுத்தால் அந்த நிரப்பு கணக்கில் வராது.

அதனால் வேலைக்கு முன் அளப்பது வீண்செலவு ஆகாது. ஐ.எஸ்.ஓ. 9869 என்ற பன்னாட்டுத் தரநிலை சொல்லும் முறை எளியது: வெப்பப்பாயத் தகடு (தன் வழியே போகும் வெப்பத்தை அளப்பது) ஒன்றைச் சுவரின் உள்முகத்தில் காற்று புகாமல் ஒட்டி, உள்ளும் புறமும் வெப்பநிலை உணரிகள் வைத்துப் பதிவெடுப்பது. குறைந்தது 72 மணி நேரம். தடித்த சுவருக்கு இரண்டு வாரமாவது வேண்டும். உள்ளுக்கும் வெளிக்கும் 10 பாகை வேறுபாடு இருக்கும் குளிர்மாதத்தில், வெயில் நேரடியாக விழாத வடக்கு முகத்தில் எடுத்தால் எண் நம்பகமாக வரும். ஜன்னல் ஓரம், தளச்சேர்க்கை, சூடேற்றிக்குப் பின்புறம் ஆகிய இடங்களில் தகட்டை ஒட்டக் கூடாது. அகச்சிவப்புப் படக்கருவியால் முதலில் சுவரைப் பார்த்து, சீரான நிறம் உள்ள இடத்தைத் தேர்வது வழக்கம்.

ஷ்ரூஸ்பரி: 40 மி.மீ. போதுமா?

இந்தச் சுவரை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். 345 மி.மீ. செங்கல், வெப்பக்கடத்துத்திறன் 0.77 என்றால் வெப்பத் தடை (மீட்டரில் கனத்தைக் கடத்துத்திறனால் வகுத்த எண்) 0.448. உட்பூச்சு 20 மி.மீ. 0.029. உள்முகக் காற்றுப்படலம் 0.13, வெளிமுகம் 0.04. கூட்டினால் 0.647, தலைகீழாக்கினால் யு-மதிப்பு 1.55. களத்தில் அளந்ததும் ஏறத்தாழ 1.5. இதன்மேல் கடத்துத்திறன் 0.04 உள்ள மரஇழைப் பலகை 40 மி.மீ. வைத்தால் தடை 1.0 கூடுகிறது, யு-மதிப்பு 0.61-க்கு இறங்குகிறது. வேலைக்குப் பின் களத்தில் அளந்தது அதைவிடச் சற்றுக் குறைவாக, 0.5 அளவில் இருந்தது.

இப்போது அதே பலகையை 100 மி.மீ. ஆக்குங்கள். யு-மதிப்பு 0.32. முதல் 40 மி.மீ. வெப்ப இழப்பில் 61 விழுக்காட்டைத் தடுத்துவிட்டது. அடுத்த 60 மி.மீ. கூடுதலாகத் தடுப்பது ஏறத்தாழ 19 விழுக்காடு மட்டுமே. அந்த 19-க்காக அறையின் அகலம் குறைகிறது, கதவு நிலைகளும் மரப்பட்டிகளும் புதைந்துபோகின்றன, பழைய செங்கல் இன்னும் குளிர்கிறது. மரபுக் கட்டடத்தில் உட்காப்பு மெல்லியதாக இருக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

குளிர்தல் என்பதையும் எண்ணாகப் பார்ப்போம். உள்ளே 20 பாகை, வெளியே 0. காப்பு இல்லாதபோது சுவரின் உள்முகம் 16 பாகை. 40 மி.மீ. மரஇழைக்குப் பின், பலகையும் பழைய சுவரும் சேரும் இடம் 6.3 பாகை. மரஇழைக்குப் பதில் கடத்துத்திறன் 0.022 உள்ள நுரைப்பலகை 100 மி.மீ. என்றால் அதே இடம் 2 பாகைதான். 20 பாகையில் 50 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறைக்காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி நீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை, 9.3 பாகை. ஆக, இரண்டு சுவரிலும் அந்தச் சேர்க்கை இடம் பனிநிலைக்குக் கீழேதான் இருக்கிறது. அப்படியானால் மரஇழை ஏன் தாங்குகிறது?

இரு காரணங்கள். மரஇழை நீராவியைத் தன் நார்களுக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும்; குளிர்ந்த பக்கத்தில் திரவமாகச் சேரும் நீரை நுண்துளை ஈர்ப்பால் மீண்டும் அறைப்பக்கம் இழுத்து வரும். அடுத்து, மரஇழையின் நீராவித் தடை எண் (அசையாக் காற்றைப்போல் எத்தனை மடங்கு நீராவியைத் தடுக்கிறது என்பது) 3 முதல் 5 வரை, சுண்ணாம்புக் காரைக்கு 10 அளவு. அதனால் சுவரில் சேர்ந்த ஈரம், வெளிப்புறம் உலர முடியாத நாட்களில் உள்ளே ஆவியாகித் தப்பிக்கிறது. ஷ்ரூஸ்பரிச் சுவரில் உணரிகள் இதைப் பதிந்திருக்கின்றன. மழை அடித்த வெளிமுகத்தில் வெயில் விழும்போது, செங்கல்லில் இருந்த நீர் ஆவியாகி உள்நோக்கி நகர்கிறது. அந்த ஆவி தடையில்லாமல் அறைக்குள் வந்து காற்றோட்டத்தில் வெளியேறிவிடுகிறது. சுவரின் உட்புற ஈரப்பதம் ஏறும், இறங்கும், ஏறிக்கொண்டே போவதில்லை.

ட்ரூஸ்டெய்ன்டன்: நல்ல எண், நனைந்த சுவர்

கருங்கற்சுவரின் யு-மதிப்பு காப்புக்கு முன் 1.2 அளவில் இருந்தது, பின்னர் 0.2-க்கும் கீழே போனது. புதுக்கட்டட விதிகளுக்கே ஈடான எண். ஆனால் சுவருக்குள் இருந்த உணரிகள் வேறு கதை சொல்லின. பலகைக்குப் பின்னாலும் கல்லின் நடுவிலும் ஒப்பீரப்பதம் பூஞ்சணத்துக்கு எல்லையாகக் கருதப்படும் 80 விழுக்காட்டைத் தாண்டி நிலைகொண்டது. கோடைக்காலத்தில் உலர்ந்து இறங்க வேண்டிய எண் போதிய அளவு இறங்கவில்லை. ஆண்டுதோறும் ஈரப்பதத்தின் அடிமட்டம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்து, சில ஆழங்களில் காற்று நீராவியால் நிறைவுறும் நிலையை நெருங்கியது.

இங்கே பல காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. அலுமினியத் தாள் நீராவியை அடைப்பதால் உட்பக்க உலர்தல் நின்றுவிட்டது. அறை வெப்பம் கல்லுக்குப் போகாததால் சுவர் முழுவதும் குளிர்ந்தது. குளிர்ந்த சுவரில் ஆவியாதல் மந்தம். டார்ட்மூர் விளிம்பில் உள்ள அந்த ஊர் மழையும் காற்றும் மிகுந்த இடம். வெளியிலிருந்து நீர் வருவது நிற்பதில்லை. கருங்கல் தானாக நீரை உறிஞ்சாது என்று நினைப்பவர்கள் உண்டு. கல் உறிஞ்சாமல் விடும் நீர் முழுவதும் கற்களுக்கு இடைப்பட்ட சாந்தில்தான் போய்ச் சேரும். சாந்தில் மயிரிழை விரிசல் இருந்தால், காற்றழுத்தம் நீரை நேரே நடுநிரப்புக்குள் தள்ளிவிடும்.

அங்கு ஏன் நீராவித் தடுப்புத் தாள் உதவவில்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டும். உட்புறத் தாளின் நோக்கம் அறை ஈரம் சுவருக்குள் போகாமல் தடுப்பது. புதிய மரச்சட்டக் கட்டடத்தில் அது சரி; வெளிப்புறம் மழைநீர் புகாத அடுக்கு இருக்கும். பழைய திண்மச் சுவருக்கு நீர் பெரும்பாலும் வெளியிலிருந்தும் அடியிலிருந்தும் வருகிறது. அங்கே தாள், வந்த நீரை உள்ளே பூட்டிவைக்கிறது. மேலும், மின்பெட்டி துளை, தளவிட்டம் நுழையும் இடம், பலகைகளின் மூட்டு என எங்காவது ஓர் ஓட்டை இருந்தாலும் அறைக்காற்று நுழைந்து 2 பாகைச் சுவரில் படும். அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியழுத்தம் ஏறத்தாழ 705 பாஸ்கல்; உள்ளிருந்து வரும் காற்றில் இருப்பதோ 1,170 பாஸ்கல். மிச்சம் நீராக இறங்கியே தீரும்.

வேலைக்கு முன் வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் செய்வது ஐ.எஸ்.ஓ. 13788 வழியிலான மாதாந்திரப் பனிநிலைக் கணக்கு. அது நீராவிப் பரவலை மட்டுமே பார்க்கும். மழை, வெயில், நுண்துளை ஈர்ப்பு, பொருளில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் எதுவும் அதில் இல்லை. இப்படிப்பட்ட சுவருக்கு அந்தக் கணக்கு 'தேறியது' என்று சொன்னால் அதை நம்பி இறங்கக் கூடாது. இ.என். 15026 என்ற ஐரோப்பியத் தரநிலையின் அடிப்படையிலான, மணிக்கு மணி நகரும் ஒப்புருவாக்கம் வேண்டும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் உருவாக்கிய வுஃபி நிரல் அந்த வகை. அதிலும் செங்கல்லின் நீருறிஞ்சு எண்ணைப் பட்டியலிலிருந்து எடுக்காமல், அந்தச் சுவரிலேயே கார்ஸ்டன் குழாய் (சுவர் குடிக்கும் நீரை அளக்கும், அளவுக்கோடிட்ட குழாய்) ஒட்டி அளந்து கொடுப்பது விடையை வெகுவாக மாற்றும்.

இப்படி நனைந்த சுவருக்குப் பின்வேலை என்ன? முதலில் வெளிமுகச் சாந்தையும் மழைநீர்க் குழாய்களையும் சரிசெய்வது. அடுத்து, பலகையைக் கழற்றிச் சுவரை உலரவிடுவது. கட்டுமானக்காரர்கள் சொல்லும் தோராய விதி, 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மாதம். 600 மி.மீ. சுவர் ஒரு பக்கமாக மட்டும் உலர்ந்தால் இரண்டு ஆண்டு. அதன்பிறகு கால்சியம் சிலிகேட் பலகையோ, பெர்லைட் அல்லது தக்கை கலந்த சுண்ணாம்புக் காப்புப் பூச்சோ மெல்லிய அளவில். யு-மதிப்பு 0.2 கிடைக்காது; 0.6, 0.7 கிடைக்கும். நனைந்து கிடக்கும் 0.2-ஐவிட உலர்ந்த 0.7 மேல் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

ரிடில்கோம்ப்: பூச்சில் வந்த நீர்

மண்சுவருக்கு வெளிப்புறக் காப்பு என்பது கொள்கையளவில் சரியான தேர்வு. சுவர் வெப்பமாக இருக்கும், மழையும் நேரே படாது. ஆனால் யு-மதிப்பில் எதிர்பார்த்த இறக்கம் வரவில்லை. சுவருக்குள் ஈரப்பதமும் நீண்ட காலம் உயர்ந்தே இருந்தது. பூச்சு வேலையிலேயே நீர் கூட வந்ததுதான் முதன்மைக் காரணம். 60 மி.மீ. கனத்தில் பூசினால் ஒரு சதுர மீட்டருக்கு 60 லிட்டர் ஈரச்சாந்து போகிறது. அதில் உள்ள நீரைக் களிமண் தாராளமாகக் குடிக்கும். ஈரமான சுவர் வெப்பத்தைக் கூடுதலாகக் கடத்தும். ஆக, காப்பின் பலனில் ஒரு பங்கை அந்த ஈரமே தின்றுவிடுகிறது.

இதைத் தவிர்க்க, தடித்த பூச்சை ஒரே பருவத்தில் முடிக்காமல் மெல்லிய அடுக்குகளாக, ஒவ்வொன்றும் உலர்ந்த பிறகு அடுத்தது எனப் பூச வேண்டும். வசந்தத்தின் இறுதியில் தொடங்கி, உலர்வதற்குக் கோடை முழுவதையும் விட வேண்டும். குளிர்காலத்துக்கு முன் அவசரமாக முடித்த சுண்ணாம்புப் பூச்சு 5 பாகைக்குக் கீழே இறுகாமல் நின்று, உறைபனியில் உதிரும்.

சுவரைத் தொடுவதற்கு முன்

ஈரத்துக்கும் வெப்ப இழப்புக்கும் உள்ள தொடர்பை ஷ்ரூஸ்பரிக் கணக்கிலேயே பார்க்கலாம். 0.77 என்ற கடத்துத்திறன் 5 விழுக்காடு ஈரம் உள்ள செங்கல்லுக்குரியது. அதே செங்கல் 1 விழுக்காடு ஈரத்துக்கு உலர்ந்தால் 0.56. யு-மதிப்பு 1.55-லிருந்து 1.23-க்கு வருகிறது. ஒரு பலகைகூட ஒட்டாமல் 20 விழுக்காட்டுக்கும் மேல் சேமிப்பு. ஒழுகும் மழைநீர்க் குழாயை மாற்றுவதும், சுவரோரம் உயர்ந்துவிட்ட மண்ணைத் தள நிலைக்கு 150 முதல் 200 மி.மீ. கீழே வெட்டி இறக்குவதும் ஆற்றல் சேமிப்பு வேலைகளே. வேலைப் பட்டியலில் இவை முதலில் நிற்க வேண்டும்.

பழைய சுவரில் பிற்காலத்தில் அடைத்த சிமென்ட் சாந்துதான் பெரிய கேடு. சிமென்ட் கடினம், நீராவியை விடாது. சுவர் சற்று அசைந்தாலும் சிமென்டுக்கும் செங்கல்லுக்கும் இடையே மயிரிழை பிளக்கும். அந்தப் பிளவில் நீர் புகும், திரும்ப வராது. பிறகு ஈரம் மூட்டு வழியாக வெளியேற முடியாமல் செங்கல்லின் முகத்தின் வழியே வெளியேறப் பார்க்கும். உப்பும் உறைபனியும் சேர்ந்து செங்கல் முகம் பொருக்காக உரியும். சரிசெய்ய, மூட்டின் அகலத்தைப்போல் இருமடங்கு ஆழம், குறைந்தது 20 முதல் 25 மி.மீ. வரை, சுத்தியும் மெல்லிய உளியும் கொண்டு சுரண்டி எடுக்க வேண்டும். சுழல்வட்டு வெட்டியை உள்ளே விட்டால் செங்கல்லின் விளிம்பு போய்விடும். போன விளிம்பு திரும்பாது. சிமென்ட் கெட்டியாகப் பிடித்திருந்து, எடுத்தால் செங்கல்லும் சேர்ந்து வரும் என்றால், அந்த மூட்டை இப்போதைக்கு விட்டுவிடுவதே நல்லது. அடைக்கும் சாந்து கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். மென்செங்கல்லுக்குக் கூர்மணலும் நீர்த்த சுண்ணாம்புக் குழம்பும் 3:1 பொருந்தும். மழை அடிக்கும் முகத்துக்கு மணல் இரண்டரைப் பங்குக்கு ஒரு பங்கு இயற்கை நீரியல் சுண்ணாம்பு (நீருடன் சேர்ந்தே இறுகும் வகை). அடைக்கும் முன் மூட்டை நீர் தெளித்து நனைப்பதும், அடைத்த பின் ஈரச்சாக்கு போர்த்தி ஒரு வாரம் காப்பதும் விடக்கூடாத வேலைகள். உலர்ந்த செங்கல் சாந்தின் நீரை உடனே இழுத்துக்கொண்டால் சுண்ணாம்பு இறுகாது, பொடிந்துவிடும்.

மழை படாதிருக்க சிலிகோன் வகை நீர்விலக்கி தெளிப்பது பலரும் கேட்கும் குறுக்குவழி. மூட்டில் விரிசல் இருக்கும்வரை அது உதவாது. நீர் விரிசல் வழியே உள்ளே போகும். வெளிமுகத்தில் திரவமாக ஊறி வந்து உலரும் வழியை நீர்விலக்கி அடைத்திருக்கும். தெளித்ததை எடுக்கவும் முடியாது.

ஜன்னல்களில் கிடைக்கும் பலன், அளவுக்கு மீறிக் குறைத்து மதிப்பிடப்படுகிறது. ஒற்றைக் கண்ணாடி கொண்ட மரபு மேல்கீழ் நகரும் ஜன்னலில் பால் பேக்கர் செய்த ஆய்வகச் சோதனையில், கனத்த திரைச்சீலை வெப்ப இழப்பை 14 விழுக்காடு குறைத்தது. ஜன்னலை மூடும் மரக் கதவடைப்பு 51. உட்புறத்தில் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் 63. கதவடைப்பும் இரண்டாவது சட்டமும் சேர்ந்து 75. பழைய சட்டத்தை அகற்றாமலே கிடைக்கும் பலன் இது. இரண்டாவது சட்டம் வைக்கும்போது ஒரு நுட்பம் உண்டு: உட்சட்டத்தைக் காற்று புகாமல் அடைக்க வேண்டும், வெளியிலுள்ள பழைய சட்டத்தைச் சற்றுக் கசியவிட வேண்டும். மாற்றிச் செய்தால் அறை ஈரம் இடைவெளிக்குள் போய் வெளிக்கண்ணாடியில் வழிந்து, கீழ்ச்சட்டம் உளுத்துப்போகும்.

பரணில் காப்பு வைப்பது எளிது, பலனும் அதிகம், 270 மி.மீ. கனிமக் கம்பளி வழக்கமான அளவு. கூரையின் அடித்தாளுக்கும் காப்புக்கும் நடுவே 50 மி.மீ. காற்றுவழி விட்டு, இறவாணத்தை அடைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பயன்படாத புகைபோக்கியை மேலே காற்று செல்லும் மூடியால் மூடி, கீழே ஒரு சிறு கிராதி வைக்க வேண்டும். முழுவதும் அடைத்தால் அதனுள்ளேயே ஈரம் தேங்கும். இடுக்குகளை அடைத்த வீட்டில் சமையலறைக்கும் குளியலறைக்கும் ஈரப்பதம் பார்த்து இயங்கும் வெளியேற்று விசிறி கட்டாயம். நான்கு பேர் வாழும் வீட்டில் ஒரு நாளைக்கு 10 லிட்டர் அளவில் நீராவி உண்டாகிறது. முன்பு இடுக்குகள் வழியே போய்க்கொண்டிருந்தது அது. இனி அதற்கு ஒரு வழி நாம்தான் தர வேண்டும்.

மரஇழைப் பலகை பதிக்கும் முறை

சுவரில் உள்ள ஜிப்சம் பூச்சு, பிளாஸ்டிக் வண்ணம், வினைல் தாள் அனைத்தையும் செங்கல் அல்லது பழைய சுண்ணாம்புப் பூச்சு தெரியும்வரை எடுக்க வேண்டும். நடுவில் ஜிப்சம் விட்டுவைத்தால், குளிர்ந்த சேர்க்கை இடத்தில் அது ஈரம் குடித்து இளகும். பின்னர் சுண்ணாம்புச் சாந்தால் 10 முதல் 15 மி.மீ. சமப்பூச்சு. இந்தப் பூச்சு முழுதாக உலரும்வரை காத்திருப்பதில்தான் பெரும்பாலான வேலைகள் தவறுகின்றன. கால அட்டவணை நெருக்கும். ஈரப்பூச்சின் மேலேயே பலகை ஏறும். அந்த நீர் பல மாதம் உள்ளே கிடக்கும்.

பலகையின் பின்புறம் முழுவதும் சுண்ணாம்பு அல்லது களிமண் ஒட்டுச்சாந்தை பற்கரண்டியால் இழுத்து, சுவரில் அழுத்திப் பதிக்க வேண்டும். உருண்டை உருண்டையாகச் சாந்து வைத்து ஒட்டும் ஜிப்சம் பலகை வழக்கம் இங்கே கூடாது. பின்னால் காற்றிடைவெளி இருந்தால் திரவநீர் பலகைக்குத் தாவ முடியாது. நுண்துளை ஈர்ப்பே அறுந்துபோகும். மூட்டுகள் செங்கல் வரிசைபோல் மாறி மாறி வர வேண்டும். வட்டத்தலை பிளாஸ்டிக் ஆணிகள் சதுர மீட்டருக்கு ஐந்தாறு. முழுநீள உலோகத் திருகு போட்டால் ஒவ்வொன்றும் ஒரு குளிர்ப்புள்ளி. மேலே 5 முதல் 8 மி.மீ. சுண்ணாம்பு அடிப்பூச்சு, அதில் கண்ணாடியிழை வலை, விளிம்புகள் 100 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று ஏற. இறுதியாக 2, 3 மி.மீ. மென்பூச்சும் சுண்ணாம்பு வெள்ளை அல்லது சிலிகேட் வண்ணமும். பிற்பாடு யாரேனும் பிளாஸ்டிக் வண்ணம் பூசினால் உலரும் வழி அன்றே அடைபடும். வீட்டின் ஆவணங்களில் இதை எழுதிவைப்பது அவசியம்.

ஜன்னல் பக்கச்சுவரைக் காப்பு இல்லாமல் விட்டால் முதலில் பூஞ்சணம் பிடிக்கும் இடம் அதுதான். பெரிய கனம் வைக்க இடமிருக்காது, 20 மி.மீ. பலகையோ, ஏரோஜெல் விரிப்போ போதும். பிரிட்டனில் குடியிருப்புகளுக்கு மேற்பரப்பு வெப்பநிலைக் காரணி 0.75-க்குக் குறையக் கூடாது என்பது வழக்கு. உள்ளே 20, வெளியே 0 என்றால் மூலையிலும் 15 பாகை இருக்க வேண்டும் என்று பொருள். வெளிச்சுவரில் சேரும் குறுக்குச்சுவர்களிலும் 300, 400 மி.மீ. தொலைவுக்கு மெல்லிய காப்பைத் திருப்பிக் கொண்டுபோவது இதற்காகத்தான்.

தளவிட்டங்களின் முனைகள் சுவருக்குள் புதைந்திருக்கும் இடமே உட்காப்பில் மிக ஆபத்தானது. முன்பு அறை வெப்பம் செங்கல் வழியே போய் அந்த முனையை உலர்த்திக்கொண்டிருந்தது. காப்பு வைத்த பின் முனை குளிர்ந்த, ஈரமான செங்கல்லில் தனியே கிடக்கிறது. தளப்பலகைகளைத் தூக்கி, ஒவ்வொரு முனையிலும் ஊசி ஈரமானியால் அளக்க வேண்டும். மரத்தின் ஈரம் 18 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் தொடரலாம். 20-ஐத் தாண்டினால் காளான் அழுகலுக்கு வழி திறந்துவிட்டது என்று பொருள். காரணம் கண்டு உலர்த்தும்வரை அந்தச் சுவரில் காப்பு வைக்கக் கூடாது. வைக்கும்போது, விட்டம் சுவருக்குள் நுழையும் இடத்தைச் சுற்றி ஒட்டுநாடாவால் காற்று புகாமல் அடைத்து, தளத்துக்கும் கீழ்க்கூரைக்கும் இடைப்பட்ட பட்டையில் காப்பை மெலிதாக்க வேண்டும். கொஞ்சம் வெப்பம் அங்கே கசியட்டும். அந்தக் கசிவில் விட்டமுனை உலர்ந்திருக்கும்.

வெப்பமும் ஈரக்காற்றும் மிகுந்த நிலங்களில் இதே இயற்பியல் திசை மாறி வேலை செய்யும். உள்ளே குளிரூட்டி ஓட, வெளிக்காற்றின் நீராவி உள்நோக்கி வரும். குளிர்ந்த உட்பூச்சுக்குப் பின்னால் படியும். அங்கே உட்புறம் நீராவியடைப்புத் தாளோ பிளாஸ்டிக் வண்ணமோ வைத்தால் ட்ரூஸ்டெய்ன்டனின் நிலை விரைவிலேயே வரும்.

முடித்த பிறகு கவனிப்பது

பலகை பதிக்கும்போதே உணரிகளைப் புதைத்துவிட வேண்டும். பிறகு துளையிட்டால் அந்தத் துளையே கசிவாகும். குறைந்தபட்சம் பலகையும் பழைய சுவரும் சேரும் இடத்தில் ஒன்று, சுவரின் நடுவில் ஒன்று, அறையிலும் வெளியிலும் ஒவ்வொன்று. மழை அதிகம் அடிக்கும் முகத்தையும் வெயில் படாத முகத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். வசதியான முகத்தில் எடுத்த எண் வசதியாகவே இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பதிவு போதும்.

முதல் ஆண்டின் எண்களை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. கட்டுமான ஈரம் வெளியேறிக்கொண்டிருக்கும். சேர்க்கை இடத்தில் 90 விழுக்காடு வந்தாலும் திகைக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது இரண்டாம், மூன்றாம் கோடைகளின் அடிமட்டம். ஆகஸ்டின் தாழ்ந்த எண் முந்தைய ஆகஸ்டைவிடக் குறைந்திருந்தால் சுவர் உலர்கிறது. சமமாக நின்றால் வெளிமுகச் சாந்தையும் வடிகாலையும் மீண்டும் பார்க்க வேண்டும். கூடியிருந்தால், விட்டமுனைக்கு அருகில் ஒரு பலகையைக் கழற்றி மரத்தை அளந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த குளிர்காலத்துக்குள் போக வேண்டும்.